திரிநாத்தின் போனுக்கு வந்த கேள்விகள்

ஆறு மாதமாக ஹைமாவதி அந்தப் பட்டியலை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். செகந்திராபாத் பக்கத்து மல்காஜ்கிரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் டிவி சீரியல் பேசுவார்கள். இவள் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைச் சாதத்தைப் பிசைந்தபடி கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனங்களைப் பார்ப்பாள். போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடி விளையாடிக் கட்டைவிரல் வீங்கிப்போனவள் அவள். இனிமேல் முறையான கேமிங் கம்ப்யூட்டரில்தான் விளையாடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். கையில் ஐம்பதாயிரம். மானிட்டர் நாத்தனார் சௌஜன்யாவிடம் சும்மாக் கிடந்தது.

“நானும் வரேன். பொம்பளைங்க தனியாப் போனா அங்க மொட்டை அடிச்சு அனுப்பிடுவானுங்க” என்றான் கணவன் திரிநாத். மின்சார அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் இருப்பவன். ஆகவே கரண்டில் ஓடும் எல்லாமே தனக்குத் தெரியும் என்று நினைப்பு.

“உனக்கு ராமுக்கும் ரோமுக்கும் வித்தியாசம் தெரியுமா அண்ணா?” என்றாள் சௌஜன்யா.

“ஏன், ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?”

மூவரும் ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் கம்ப்யூட்டர் சந்தைக்குப் போனார்கள். மூன்றாம் மாடியில் ராமகோட்டி என்பவரின் கடை. அவர் திரிநாத்துக்கு மட்டும் நாற்காலி போட்டார்.

“அஞ்சும் பத்துமா உதிரி விலை பாக்காதீங்க சார். மொத்தமா நான் போட்டுத் தரேன்” என்று ஒரு கண்ணாடிப் பெட்டியை நகர்த்திவைத்தார். உள்ளே ஆறு விசிறி. சுவிட்சைப் போட்டதும் சிவப்பு, பச்சை, ஊதா என்று விநாயகர் பந்தல் மாதிரி மின்னியது. திரிநாத் வாயைப் பிளந்தான்.

ஹைமாவதி விலைச் சீட்டை எட்டிப் பார்த்தாள். பிராசஸர் பெரிது, விளையாட்டில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டோ போன யுகத்தது. பவர் சப்ளையில் கம்பெனிப் பேரே இல்லை.

“இந்தக் கார்டுல புது கேம் எல்லாம் ஓடாதே” என்றாள்.

“எல்லாம் ஓடும் சார்” என்று ராமகோட்டி திரிநாத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

இரண்டாவது கேள்விக்கும் அதே கதைதான். கேட்டவள் இவள், பதில் வாங்கியவன் அவன். ஹைமாவதி பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள்.

திரிநாத்தின் சட்டைப் பையில் ‘டிங்’ என்றது. எடுத்துப் படித்தான். திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“இந்த பவர் சப்ளை எத்தனை வாட்? தரச் சான்று இருக்கா?”

ராமகோட்டியின் கை நின்றது. “சாருக்கு விஷயம் தெரியுது.”

டிங்.

“பிராசஸர்ல ஆறு கோர் போதும். அதுல மிச்சமாகிற பணத்தைக் கார்டுல போடுங்க. எட்டு ஜிபிக்குக் கீழ காட்ட வேண்டாம்.”

ராமகோட்டி கண்ணாடிப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார். வேறு டப்பாக்களோடு வந்தார். கேள்விக்குக் கேள்வி திரிநாத்தின் முதுகு நிமிர்ந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டான். இப்போது செய்தியைப் படித்துப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. வந்ததை வந்தபடி ஒப்பித்தான். அதைப் பார்த்ததும் ஹைமாவதிக்குக் கை துறுதுறுத்தது.

டிங்.

“அரைமணி நேரமா உக்காந்திருக்கோம், ஒரு டீ உண்டா? என் சம்சாரத்துக்கும் தங்கச்சிக்கும் வெங்காய சமோசா சொல்லுங்க.”

“ஐயோ, மறந்துட்டேன் சார்” என்று ராமகோட்டி போனில் கீழே டீக்கடைக்குச் சொன்னார்.

டிங்.

“என் சம்சாரம் என்னைவிட நல்லாச் சுடுவா.”

சொல்லி முடித்த பிறகுதான் திரிநாத்தின் காதில் அது விழுந்தது. சௌஜன்யா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“தோசையா சார்?” என்றார் ராமகோட்டி.

“ஆமா… தோசைதான்.”

சமோசா வந்தது. சட்னி வழிய வழிய இருந்ததால் இரண்டு பெண்களின் கையும் பிசுக்காகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராமகோட்டி கேட்டார்: “ராம் பதினாறு ஜிபி ஒரே குச்சியாக் கொடுக்கவா, எட்டு எட்டா ரெண்டாக் கொடுக்கவா? சாரே சொல்லுங்க.”

திரிநாத் போனைப் பார்த்தான். போன் ஊமையாகக் கிடந்தது. அதைத் தட்டினான். மேசைமேல் கவிழ்த்து மறுபடி நிமிர்த்தினான்.

“உங்க மனசாட்சி என்ன சொல்லுது?” என்றான் கடைசியில்.

“எட்டு எட்டா ரெண்டு” என்றாள் ஹைமாவதி, வாய் நிறைய சமோசாவோடு. “அப்பத்தான் வேகம். போர்டுல நாலு இடம் இருக்கற மாதிரி பாத்துக் குடுங்க, பின்னாடி கூட்டிக்கலாம்.”

ராமகோட்டி அவளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். திரிநாத்தைப் பார்த்தார். பிறகு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சார், கொஞ்சம் எழுந்திரிங்க” என்று நாற்காலியை வாங்கி ஹைமாவதிக்குப் போட்டார். “இருபது வருசமா இங்க உக்காந்திருக்கேன் அம்மா. ரிமோட்ல பேரம் பேசினது நீங்கதான் முதல் ஆள்.”

அதன் பிறகு ஒரு மணி நேரம் உண்மையான பேரம் நடந்தது. அவள் பட்டியலை விரித்தாள். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார். ஒன்றை ஒப்புக்கொண்டாள், இன்னொன்றுக்குச் சண்டை போட்டு ஜெயித்தாள். பவர் சப்ளையைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். கார்டின் டப்பாவில் இருந்த எண்ணையும் கார்டில் இருந்த எண்ணையும், ரத்தக் குப்பியின் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் ஒப்பிட்டாள். பெட்டி விஷயத்தில் இருப்பதிலேயே மலிவான, மூஞ்சியே இல்லாத கறுப்புப் பெட்டியைக் காட்டினாள்.

“ஒரு விளக்குகூடவா இல்ல?” என்றான் திரிநாத். அழாத குறை.

ராமகோட்டிக்கே மனசு கேட்கவில்லை. நீல விசிறி ஒன்றை இனாமாக வைத்தார். எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறு.

அவரே அங்கேயே எல்லாவற்றையும் பொருத்தி, ஓடவிட்டுக் காட்டினார். ஆட்டோவில் திரிநாத் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

மாலை நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் தயார். கேம் இறங்கி முடிய ஏழாகிவிட்டது. படம் தெளிவாக, தடங்கலே இல்லாமல் ஓடியது. ஹைமாவதி உட்கார்ந்தாள், ஆரம்பித்தாள், பதினோராவது விநாடியில் செத்தாள்.

அடுத்த ஆட்டத்தில் ஒன்பது விநாடி. மூன்றாவதில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றபடியே செத்தாள். கட்டைவிரலால் சுட்டுப் பழகியவள், கீபோர்டும் மவுஸும் பிடித்து ஒரு நாளும் விளையாடியதில்லை. பட்டியலில் எல்லாம் இருந்தது. அந்தப் பழக்கம் மட்டும் இல்லை.

“அண்ணி, சுவரோட அப்படி என்ன ரகசியம்?” என்றாள் சௌஜன்யா கட்டிலில் புரண்டபடி.

“வாயை மூடு. கை இன்னும் பழகல.”

“நல்லாச் சுடுவான்னு கடையில சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றான் திரிநாத். இரவுச் சோற்றுக்குக் குக்கர் வைத்தது அவன்தான். “என் மானத்தையாவது காப்பாத்து.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். பதினாலாவது ஆட்டத்தில் ஒருவனைச் சுட்டு வீழ்த்தினாள். சௌஜன்யா துள்ளி எழுந்தாள்.

“யார் அண்ணி அது?”

“தெரியல” என்றாள் ஹைமாவதி, கண்ணை எடுக்காமல். “யாரோ பாவம். அவனும் சுவரைப் பாத்துட்டுத்தான் நின்னான்.”