வெயிலுக்குப் பூட்டு

சொத்தைப் பிரித்த அன்று அண்ணன் மேல்வீட்டையும் மொட்டை மாடியையும் எடுத்துக்கொண்டு, தங்கைக்குக் கீழ்வீட்டைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். "படி ஏறி இறங்கி உனக்கு மூட்டு தேயணுமா பாப்பா?" என்று கேட்டார். பாப்பாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மூட்டு நன்றாகத்தான் இருந்தது. மறுவாரமே மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. துணி காயப்போடக் கேட்டதற்கு, "ஈரம் சொட்டினா தளம் ஊறிப்போகும்" என்றார். மழைக்கு மட்டும் அந்தத் தளத்தில் சொட்ட அனுமதி இருந்தது.

அன்றிலிருந்து அவள் துணியெல்லாம் படுக்கையறை மின்விசிறிக்குக் கீழே அரைகுறையாகக் காய்ந்து ஈரவாடை அடித்தது. அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. வாயைத் திறந்தால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாத நோயாளிகள்கூட அவளைக் கண்டால் மூக்கைச் சுளித்தார்கள். ஒருநாள் டாக்டர் எதுவும் சொல்லாமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வாசனைக் கட்டியைத் தொங்கவிட்டார். கழிப்பறையில் தொங்கிய அதே ரகம். அவள் அதைப் பார்த்தாள், அண்ணனை நினைத்தாள், பல்லைக் கடித்தாள். பல் ஆஸ்பத்திரியில் பல்லைக் கடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படியிருக்கையில் அண்ணனுக்கு மின்சாரக் கார் ஆசை வந்தது. கூடவே மாடி நிறைய சோலார் பேனல். மீட்டரும் மெயின் போர்டும் தங்கையின் கூடத்தில் இருந்ததால், எலக்ட்ரீஷியனோடு பேச்சுவார்த்தை அங்கேயே நடந்தது.

"சார், ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைன். உங்க ஏ.சி., கீழ்வீடு, கார் சார்ஜர் மூணையும் ஒண்ணா தாங்காது. பொழுது சாஞ்சா சோலாரும் கை குடுக்காது. தெருவைத் தோண்டிப் பெரிய கேபிள் இழுக்கணும். அதுக்கு அக்கா கையெழுத்தும் வேணும்."

"தோண்டுறதெல்லாம் ஆகாதுப்பா. வேற வழி சொல்லு."

"ஒரு கன்ட்ரோலர் மாட்டலாம். வீட்டுல லோடு ஏறினா சார்ஜரை நிறுத்தும், இறங்கினா திரும்ப விடும். எது முதல்ல சார், வீடா காரா?"

"வீடுதான். ஏ.சி. நின்னா எனக்குத் தூக்கம் வராது."

எலக்ட்ரீஷியன் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, கீழ என்னென்ன ஓடும்? இனிமே ஏதாவது பெரிசா வாங்குற யோசனை..."

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டார். "இவளா? ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி. மிச்சமெல்லாம் ஈரத்துணி. அது கரண்ட் இழுக்காது." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

"சரிதானாக்கா?"

"அண்ணன் சொன்னா சரிதான்."

சுவரில் ஓட்டை போட, குழாய் இறக்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தங்கை இவ்வளவு நல்லவள் என்று அண்ணனுக்கே அன்றுதான் தெரிந்தது.

கார் வந்த வாரம் அவள் துணி உலர்த்தும் மெஷின் வாங்கப் போனாள். "கரண்ட் கம்மியா இழுக்கிற மாடல் இருக்கு மேடம்" என்றார் கடைக்காரர்.

"நிறைய இழுக்கிறதைக் காட்டுங்க."

அந்தக் கோரிக்கைக்கு அவருக்குப் பயிற்சி தரப்படவில்லை. தேடித்தான் எடுத்தார்.

சாயங்காலம் கார் உள்ளே நுழையும் சத்தம் கேட்டதும் அவள் மெஷினைப் போடுவாள். மேலே ஏ.சி. ஓடத் தொடங்கும். சார்ஜரின் பச்சை விளக்கு மஞ்சளாகி, கார் பட்டினியாகப் படுத்துக்கொள்ளும். சட்டை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, கால்மிதி. துணி தீர்ந்துபோனால் காய்ந்ததையே நனைத்துப் போட்டாள். அலாரம் வைத்து எழுந்தும் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று போனாள். டாக்டர் வாசனைக் கட்டியைக் கழற்றிவிட்டார். அதோடு விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலையில் கார் நடுரோட்டில் நின்றது. அண்ணன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்தார், மூலையில் உறுமிக்கொண்டிருந்த மெஷினையும் பார்த்தார்.

"கன்ட்ரோலர் ஒழுங்காத்தான் இருக்கு சார். நீங்க சொன்னபடி வீடு முதல்ல."

"காரை முதல்ல வை."

"உங்க ஏ.சி. நிக்கும்."

"அப்ப தெருவைத் தோண்டு."

"அக்கா கையெழுத்து..."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மாடிச் சாவியோடு இறங்கி வந்தார். "இந்தா பாப்பா. இனிமே மேலயே காயப்போடு. நல்ல வெயில்."

"எங்கேண்ணா? மூலைக்கு மூலை பேனல். கொடி கட்ட இடமிருக்கா?"

அண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல ஒரு வரிசையைக் கழட்டிடலாம்."

"ஓரத்துல நிழல். நடுவுலதான் வெயில்."

நடு வரிசை கழன்றது. பேனல்கள் இறங்கும்போது அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை கொடுத்தார், சுகமில்லாத சொந்தக்காரரைத் தாங்கிப் பிடிப்பதுபோல.

அவள் தன் கையால் மாடிக் கதவைத் திறந்தாள். கொடி கட்டினாள். வாளி நிறைய ஈரத்துணி. அதிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து உதறி, கொடியின் நட்டநடுவில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"மிச்சத்தையும் போடேன் பாப்பா."

"ஈரம் சொட்டினா தளம் ஊறிப்போகும்ணா."

மெஷினை நோக்கி இறங்கினாள். கனமான வாளிதான். மூட்டு நன்றாகத்தான் இருந்தது.