டப்பாவில் இல்லாத சீட்டு

வருடக் கடைசி விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் சின்னவள் அம்மா வீட்டுக்கு நாலு தடவை போய் வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே வேலைதான். ஃபிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ரகம்.

ஆனால் இந்தத் தவிப்புக்குக் காரணம் இருந்தது. போன வருடம் எல்லோரும் கூடிப் பரிசு கொடுத்துக்கொண்டபோது அப்பாவுக்கு மூன்று ஃபிளாஸ்க் வந்து சேர்ந்தது. மனிதர் போனில் ரெண்டு தடவை இருமியிருந்தார், மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றுமே வரவில்லை. அண்ணன் வாங்கியிருப்பான் என்று அக்கா நினைத்தாள், அக்கா வாங்கியிருப்பாள் என்று சின்னவள் நினைத்தாள், அண்ணன் எதையுமே நினைக்கவில்லை. "எனக்கு எதுக்கு? இருக்கிறதை வைக்கவே இடமில்ல" என்று அம்மா சிரித்தாள். பிறகு மற்றவர்கள் பிரித்துப் போட்ட பளபளப்புத் தாள்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நீவி மடித்து வைத்தாள். அதைப் பார்த்ததிலிருந்து சின்னவளுக்கு மனசு ஆறவில்லை. இந்த வருடமும் அம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால் அவளால் தாங்க முடியாது.

அதற்குத்தான் ஒரு வழி தேடினார்கள். டீச்சரான அக்கா கம்ப்யூட்டரில் கலர் கலராக ஒரு அட்டவணை போட்டு அனுப்பினாள். அப்பா அதைத் திறந்து, எங்கேயோ விரலை வைத்து, பாதியை அழித்துவிட்டார். பஸ் டிரைவரான அண்ணன் ஒரு ஆப் சொன்னான். அது பாஸ்வேர்டு கேட்டது, பிறந்த தேதி கேட்டது, கடைசியில் நீங்கள் மனிதர்தானா என்றும் கேட்டது. "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுதாம்?" என்று அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அங்கே ஒவ்வொரு ஆர்டரும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒரு சீட்டோடு வரும். சீட்டை எடுத்தவர்தான் அந்த வேலையை முடிக்க வேண்டும். வேறு யாரும் தொட மாட்டார்கள், எந்த வேலையும் விட்டுப்போகாது. இவ்வளவு சுலபமான வழியைக் கையில் வைத்துக்கொண்டா ஊரெல்லாம் தேடினோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றே சட்டம் போட்டாள். ஐந்து பேரும் ஆளுக்கொரு சீட்டில் தனக்கு வேண்டியதை எழுதி டப்பாவில் போட வேண்டும். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். யார் சீட்டு யாரிடம் என்று மூச்சு விடக் கூடாது. அம்மாதான் கடைசிவரை மழுப்பினாள். பிறகு ஜன்னல் ஓரமாகத் திரும்பி நின்று எதையோ எழுதி, நாலாக மடித்துப் போட்டாள்.

நாலாவது தடவை போனபோது டப்பா காலி. அம்மா சீட்டை யார் எடுத்தது? சின்னவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சட்டம் போட்டவளே மீறுறியா?"

"ஆமா, மீறுறேன். சொல்லு."

"உன்னோடதுதான்டி என்கிட்ட இருக்கு. போதுமா?"

அடுத்து அண்ணனையும் கேட்டாள். அவனிடம் இருந்தது அக்காவின் சீட்டு. அண்ணனுடையது இவளிடமே இருந்தது. மிச்சம் அம்மாவும் அப்பாவும். அப்படியென்றால் அம்மா சீட்டு அப்பா கையில்! நாற்பது வருடத்தில் அம்மாவுக்கு ஒரு ஹேர்பின் வாங்கித் தராத மனிதர். அவருக்கும் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தாள்.

"சட்டம்னா சட்டம். மூச்சு விட மாட்டேன்" என்றார் அப்பா, ஏதோ ராணுவ ரகசியம் போல.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. ஒரு லென்ஸை விளிம்பு சிதற விட்டாள். மதியத்துக்கு மேல் அடுத்த தட்டை இழுத்தாள். பழைய ஃபிரேம், புது லென்ஸ். சீட்டில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். பழுப்பு ஃபிரேமில் வலது பக்கத்து மூட்டில் மட்டும் ஒரு வெள்ளி நிறத் திருகு பொருந்தாமல் மின்னியது. அவள் கை அப்படியே நின்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு திருகு கிடைக்காமல், அம்மாவின் கண்ணாடிக்கு அவளே போட்ட திருகு அது.

முன்கட்டுக்கு ஓடினாள். "இது யார் குடுத்தது?"

"ஒரு அம்மா. போன வாரம். பேர் போட வேண்டாம், நம்பர் போதும்னாங்க" என்றார் கவுண்டர்காரர். "உள்ள இருக்கிற பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி, மெதுவா செஞ்சா போதும்னும் சொன்னாங்க."

போன வாரம் என்றால், அதற்கப்புறம் ரெண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா முகத்தில் கண்ணாடி இல்லை என்பதை அவள் பார்க்கவேயில்லை. டப்பாவைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

லென்ஸை முடித்துக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் நேரே அம்மாவிடம் போய் நின்றாள்.

"உன் சீட்டு எங்கம்மா?"

அம்மா கொஞ்சம் முழித்தாள். "நான்தான் எடுத்தேன். எடுத்தவங்கதான் வேலையை முடிக்கணும்னு நீதானே சொன்ன? முடிச்சுட்டேன்."

"உன்னோடதை நீயே எடுப்பியா?"

"நாள் பூரா அதைத்தானே தேய்க்கிற? லீவுக்கும் உனக்கு அதே வேலையா? அதான் பேசாம எடுத்துட்டேன்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது. "நானும் என்னோடதைத்தான் எடுத்தேன். டார்ச் லைட் வாங்கியாச்சு. பேட்டரியோட."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பேனாவை எடுத்து டப்பா மூடியில் பெரிதாக எழுதினாள்: அவரவர் சீட்டை அவரவர் எடுக்கக் கூடாது. பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள். அம்மா பர்ஸுக்குள் துழாவிச் சீட்டைக் கொடுத்தாள்.

எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசி வார்த்தை தாளின் ஓரத்தில் பாதியில் நின்றிருந்தது. மூக்குக்கண்ணாடிக்குப் புது லென்ஸ். அவசரம் இல்.

"இது இப்ப என்னோட சீட்டு" என்று சொல்லித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். விடுமுறைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அவசரக்குடுக்கை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து, அம்மாவின் காதில் தானே மாட்டிவிட்டாள்.

அம்மா இமைகளைக் கொட்டிக்கொண்டு, சிரித்தபடியே சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"என்னடி இது, கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பு? எப்போலேர்ந்து?"