நெற்றியில் புடைப்பு

"நெத்தியில என்னம்மா புடைப்பு?" என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்ட பிறகுதான் டெய்லருக்குத் தன் நெற்றி வலிப்பதே உறைத்தது.

"சுவத்துல மோதிக்கிட்டேன் சார்."

"சரி, அதை விடு. அந்த ஆளை எங்க பார்த்த?"

படிக்கட்டில் பார்த்தாள். கடைக்குப் போய் வருகிறவன் மாதிரி சட்டையைச் சரிசெய்துகொண்டே இறங்கி வந்தான், படுபாவி. காதோரம் மச்சம். நூறு பேருக்கு நடுவில் நிறுத்தினாலும் கைகாட்டுவாள். மேலே அவள் கூட்டாளி நெட்டை தாடை பெயர்ந்து கிடந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வாயைத் திறக்க முடியாது. டெய்லரை விட்டால் சாட்சிக்கு வேறு நாதியில்லை.

அங்கே எதற்கு ஓடினாய் என்று அடுத்த கேள்வி வரும். சனியன் அதில்தான் உட்கார்ந்திருந்தது.

ஏழு வருஷம் இருவரும் ஒரே வீட்டில்தான் தொழில் செய்தார்கள். இரண்டு அறை, நடுவே ஒரு கதவு. வந்தவன் ஏடாகூடமானவன் என்றால் சுவரில் மூன்று தட்டு. துணி வெட்டும் கத்தரியோடு டெய்லர் உள்ளே வந்து நிற்பாள். ஒப்புக்கு ஒரு தையல் மிஷின் வைத்திருந்ததால் வந்த பெயர் அது. "உன் கத்தரி துணியைக் கண்டதைவிட ஆம்பளைங்க முதுகைக் கண்டதுதான்டி ஜாஸ்தி" என்று நெட்டை சிரிப்பாள்.

போன வருஷம் புதுச் சட்டம் வந்தது. ஒருத்தி தனியாகச் செய்தால் குற்றமில்லையாம். ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் அது விபச்சார விடுதியாம், எல்லோருக்கும் ஜெயிலாம். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்று அதிகாரியம்மா வந்து தேனாய்ப் பேசினாள். அடேயப்பா, என்ன அக்கறை! மறுநாளே வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்து நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். நெட்டைக்குப் பின்தெரு வழியாகத் தனிப் படிக்கட்டு. காகிதத்தில் இரண்டு வீடு.

நேற்று மதியம் மூன்று தட்டு கேட்டது. கத்தரியோடு பாய்ந்தவள், பாழாய்ப்போன பழக்கம், கதவு இருந்த இடத்துக்கே ஓடி மண்டையை இடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் தட்டு நிற்கவேயில்லை. படியிறங்கி, முனை திரும்பி, பின்தெருவுக்கு ஓடி, மறுபடி படியேறி... நாலு எட்டில் போயிருக்க வேண்டியவள்.

"தனி வீடுங்கற. அப்புறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" ரைட்டர் பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "கூட இருந்தேன்னு எழுதினா முதல்ல உங்க ரெண்டு பேரையும்தான் உள்ள வைப்பாங்க. தெருவுல போறப்ப பார்த்தேன்னு சொல்லிட்டுப் போயிடு."

"அப்படிச் சொன்னா அவன் மாட்டுவானா?"

"கேஸ் நிக்காது."

காலையில் ஆஸ்பத்திரியில் டெய்லர் நெட்டையிடம், "உள்ளதைச் சொன்னா உனக்கும் ஜெயில்டி, என்ன பண்ணட்டும்?" என்று கேட்டிருந்தாள். நெட்டை கண்ணை எடுக்காமல் கட்டில் கம்பியில் மூன்று முறை தட்டினாள்.

"பேனாவைத் திறங்க சார்."

"எம்மா, யோசிச்சுப் பேசு..."

"யோசிச்சாச்சு. அவ சுவத்துல தட்டினா, எனக்குக் கேட்டுச்சு, ஓடினேன். எழுதுங்க."

"சுவத்துல தட்டினா எப்படிம்மா கேக்கும்?"

டெய்லர் எழுந்து, ரைட்டருக்குப் பின்னால் இருந்த சுவரில் விரல் முட்டியால் ஓங்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. நடுக்கதவைத் திறந்துகொண்டு, "யாருய்யா அது, என்ன ஆச்சு?" என்று இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.