இருளம்மாளின் நாடி

காசிமாயன் யாரையும் லேசில் நம்பமாட்டான். கங்காணி அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அவன் கட்சி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் முடியவில்லை என்று படுக்கிற கூலியாட்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தே நிஜமா வேஷமா என்று சொல்லிவிடுவான். நிஜ நோவென்றால் நாடி தடதடவென்று ஓடும். நிதானமாக அடித்தால் ஆள் டிமிக்கி கொடுக்கிறான். இதுதான் அவன் கணக்கு.

ஒருநாள் மலையேறும்போது அவன் பெண்டாட்டி இருளம்மாளே கண் சொருகி விழுந்தாள். மணிக்கட்டைப் பிடித்தான். நாடி அசைபோடும் மாட்டைப்போல நிதானமாக இருந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்குக் கீழே தேவாரம் ஊருக்குப் போகவேண்டும் என்று முந்தினநாள்தான் கேட்டிருந்தாள், அவன் விடவில்லை. அதற்குத்தான் இந்தக் கூத்து!

"எந்திரி. நாடி பொய் சொல்லாது" என்றான், எல்லார் முன்னாலும்.

அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மறுபடி மயங்கிப் பாறையில் விழுந்ததில் அவள் மண்டை உடைந்தது. அவள் அண்ணன் பேச்சிமுத்து சண்டைபோட்டு இருவரையும் மதுரைக்கு பஸ் ஏற்றினான். அங்கே டாக்டர் அவள் கைகாலில் கம்பிகளை மாட்டினார். கரண்டு வைத்து உயிரை உறிஞ்சுகிறாரோ என்று காசிமாயனுக்கு அதிலும் சந்தேகம். மெஷின் கரண்டு கொடுக்காது, இருதயத்தில் உண்டாகிற கரண்டைத்தான் எழுதிக் காட்டும் என்றார் டாக்டர். போடியிலேயே பாதி வீட்டுக்குக் கரண்டு இல்லை, இவள் நெஞ்சில் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் காகிதத்தை விரித்தார். இருதயத்தின் மேல்பக்கம் துளியூண்டு சதை தானாகவே கரண்டை உண்டாக்குகிறது. அது நடுவில் ஓரிடத்தில் சற்றுத் தங்கிக் கீழே இறங்கும். அப்போதுதான் கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். இவளுக்கு மேலே ஒழுங்காகத்தான் உண்டாகிறது, நடுவிலேயே செத்துப்போகிறது. கீழறை தன்பாட்டுக்கு மெதுவாக அடித்துக்கொள்கிறது. அதுவும் கொஞ்சம் நின்றால் விழுந்துவிடுகிறாள்.

காசிமாயனுக்குச் சுருக்கென்றது. பனிமூட்டத்தில் மலையேறும்போது முன்னால் போகிற அவன் கூவுவான். வரிசையின் நடுவில் வருகிறவர்கள் அதை வாங்கிக் கூவினால்தான் கடைசி ஆளுக்கு எட்டும். எட்டாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தங்கள் போக்கில் ஊர்ந்துதான் வருவார்கள். அவர்களை மட்டும் பார்க்கிறவனுக்கு எல்லாம் நிதானமாகத்தான் தெரியும். அந்த நிதானத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளை எழுப்பி நடக்கவைத்திருக்கிறான், பாவி.

மாத்திரை தரலாம், நிச்சயமான வைத்தியம் இன்னும் நம் பக்கம் வரவில்லை, இனி மலையேறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

திரும்பும் பஸ்சில் தேனி தாண்டியதும் அவள் ஜன்னலில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். அவன் மெல்ல அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஒன்று அடித்தது. அடுத்தது வரவேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். வந்தது.

இருளம்மாள் கண் திறந்து அவன் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னும் நடிக்கிறேனான்னு பாக்குறீகளா?"

"இல்லத்தா" என்றான்.

அவள் நம்பவில்லை. கையை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.