அடி இல்லாத பை

எண்ணூர் ஆலையில் மகிழினி வளர்த்த ஈஸ்ட்டுக்கு ஒரே வேலைதான்: சர்க்கரையைத் தின்று, அம்பர் வாசனைக்கு மூலப்பொருள் தருவது. ஈஸ்ட்டுக்குள் இருக்கும் என்சைம் ஒரு சின்னப் பை மாதிரி. ஐந்தைந்து கார்பனாகக் கோத்து உள்ளே நீட்டிக்கொண்டே போகும். பதினைந்து ஆனதும் சங்கிலியின் வால், பையின் அடியில் புடைத்திருக்கும் அமினோ அமிலத்தில் முட்டும். முட்டியதும் என்சைம் பிடியை விட்டுவிடும்.

அம்பருக்கு இருபது வேண்டும். அடியைக் கொஞ்சம் ஆழமாக்கினால் போதும். முதலாளி எபினேசர் அவசரப்படுத்தியதில், ஒரு புடைப்பை எடுக்க வேண்டிய இடத்தில் மகிழினி இரண்டை எடுத்துவிட்டாள். முட்ட இடம் இல்லாத சங்கிலி இருபதிலும் நிற்கவில்லை, இருநூறிலும் நிற்கவில்லை. காலையில் பாதித் தொட்டிக்கு ரப்பர் பிசின்.

மூடியில் ஒட்டியிருந்த பிசினில் உட்கார்ந்த காக்கை ஒன்று விம்கோ நகர் வரை பறந்து, அதே வழியில் பின்பக்கமாகத் திரும்பி வந்ததை ஆலையே பார்த்தது. அதன் முகத்தில் ஆச்சரியம் ஏதும் இல்லை, வருத்தம்தான்.

எபினேசர் தெற்கே நாசரேத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். தொட்டி கழுவும் பீம்ராவிடம் சொன்னார்: "இன்னைக்கே வழிச்சு எடுத்திரணும் பாத்துக்க. இல்லன்னா அந்தப் பிள்ள நாளையில இருந்து வரவேண்டாம்."

அந்தப் பிள்ள, பீம்ராவின் தங்கை மகிழினி. அவளைப் படிக்க வைத்ததே அவன் கழுவிய தொட்டிகள்தான்.

"எறங்காதண்ணா. ஈஸ்ட்டு வுட்ட கேஸு அடியில கட்டிகினு கீது. காத்தே கெடையாது."

"எம்மெஸ்ஸி படிச்சிட்டு பபுள்கம் செஞ்சி வச்சிக்கிற. அத நான் வழிக்கணும். இன்னா நாயம் மகி இது?"

"காத்தடிக்க பம்பு எடுத்தாறேன். அதுவரிக்கும் இரு."

"இங்கயேதான் இருப்பேன். போய்ட்டு வா."

பம்பு அறைச் சாவியைத் தேடிப் பிடித்து அவள் திரும்பியபோது, தொட்டி மேல், கூடத் தொட்டி கழுவும் அப்சல் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொன்னா கேக்கலக்கா. உன் வேல பூடும்னு எறங்கிட்டான். இப்ப கொரலே வர்ல."

இழுத்தார்கள். பீம்ராவின் தலை தொட்டி வாய்க்கு வந்தது. பிசின் நிதானமாக அவனைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி போனான். பிறகு கிரேனைப் பூட்டினார்கள். தொட்டிக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழுந்தான். காலிலிருந்து பிசின் கயிறு கயிறாகக் கீழே நீண்டதே தவிர, அறுவதாக இல்லை.

எல்லோரும் அவனைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். மகிழினி நீட்டவில்லை. கீழே கிடந்த இரும்புத் தகட்டை எடுத்து, அவன் காலுக்கு அடியில், தொட்டி வாய்க்குக் குறுக்கே தள்ளினாள்.

"எறக்கு அப்சல்."

கால் தகட்டில் முட்டியது. பிசின் விளிம்பில் உரசி அறுந்து, உள்ளே போய் விழுந்தது.

பீம்ராவின் மூச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

எபினேசர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "அந்தப் பையோட அடிய திரும்ப வச்சிர முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியும் சார். சின்ன வேலதான்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் கால்விரல் இடுக்கிலிருந்து பிசினை உரித்துக்கொண்டிருந்தாள். அது வந்துகொண்டே இருந்தது.