கம்பம் பிடித்தவரின் தீர்ப்பு

அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே டிவி இருந்தது, ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர் மரியரட்ணம் வீட்டில் மட்டும்தான். கூரைமேல் ஒருவர் ஏரியல் கம்பத்தை அசையாமல் பிடித்திருந்தால்தான் படம் தெரியும். பிடிப்பவர் சோலைமலை.

துப்பறியும் தொடரின் கடைசி வருடம் படுமோசம் என்று கீழே எல்லாரும் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னெல்லாம் இன்ஸ்பெக்டருக்கு மூள வேல செஞ்சிச்சி. இப்ப துப்பாக்கி மட்டுந்தான்" என்றாள் அழகம்மா. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொலைகாரன் யாரென்று தெரிய வேண்டுமே!

இரண்டு வருடமாகக் காதால் மட்டும் கேட்ட கதை. சோலைமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்தா, முகமூடிய கழட்டுறான்!" என்று கீழேயிருந்து கிளாக்கரின் மகள் ஐவி கத்தியதும், கம்பத்தை விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்து ஜன்னலில் முகத்தைப் பதித்தார்.

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக்கொண்டிருந்தன.

"அட கருமமே! இதையாங்க இத்தன நாளா உக்காந்து பாத்தீங்க?"