உழுத வயலில் முளைத்தது

விவாகரத்தில் ஆரின் கெஸ்லருக்கு மிஞ்சியது ஆகஸ்டு மாதம் மட்டும்தான். வருடத்தில் அந்த ஒரு மாதம் மகள் பிரின் அவனோடு இருப்பாள். வீடும் நிலமும் கூட அவனிடம்தான் இருந்தன. ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை. பென்சில்வேனியாவின் வடக்கு மேட்டில், மாடுகளை விற்றுவிட்ட பால் பண்ணையை யார் கேட்பார்கள்?

போன ஆகஸ்டின் கடைசி வாரத்தில் பிரின்னுக்கு மூச்சிழுப்பு வந்தது. இன்ஹேலர் பலிக்கவில்லை. உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆரின் அவளை வண்டியில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் டாக்டர், ஏதோ களைச்செடியின் மகரந்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று மதியம் பிரின்னின் அம்மா கெண்ட்ரா பிட்ஸ்பர்கிலிருந்து வந்தாள். மகளின் துணிகளை எடுக்க வீட்டுக்கு வந்தவள் சமையலறை ஜன்னல் முன்னால் நின்றாள்.

"பாரு ஆரின். நல்லாப் பாரு. கண்ணுக்கெட்டுற வரைக்கும் மஞ்சள். அது நடுவுல என் பிள்ளையப் படுக்க வச்சிருக்க."

"அது எப்பவும் இருக்கறதுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உனக்கு ஆகஸ்டு கெடையாது. ஜட்ஜ்கிட்டப் போயி நிறுத்திடுவேன். பயமுறுத்தல. செய்வேன்."

செய்வாள். அவனுக்குத் தெரியும்.

மாடுகள் போனபிறகு சோள வயலை அவன் தொடவில்லை. முதலில் கண்ட புல்லெல்லாம் வந்தது. பிறகு பொற்கோல் என்கிற மஞ்சள் பூச்செடி வந்தது, வந்த இடத்தில் வேறு எதையும் விடவில்லை. மண்ணுக்கடியில் வேர் ஓடி, ஒரு செடி நூறு தண்டாகும். ஆள் உயரத்தைத் தாண்டும். கீழே வெயில் விழாது. கோடை முடியும்போது ஒவ்வொரு தண்டின் நுனியிலும் மஞ்சள் பூ கொத்துக்கொத்தாகச் சாயும். குளிர்காலத்தில் காய்ந்த தண்டுகளில் கோலிக்குண்டு போல முடிச்சுகள் நிற்கும். உள்ளே ஒரு வெள்ளைப் புழு. ஏரி உறைந்ததும் ஊர்க்காரர்கள் அந்த முடிச்சுகளை வெட்டி, புழுவைத் தூண்டிலில் குத்துவார்கள். குடும்பம் ஒன்றாக இருந்தபோது பிரின்னும் வெட்டியிருக்கிறாள். புழு உறையாமல் இருக்க அதை வாயோரம் அடக்கிக்கொண்டு, அம்மாவிடம் சிரித்துக் காட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் முடிவில் ஆரின் டிராக்டருக்குப் பின்னால் டிஸ்க் கலப்பையை மாட்டினான். சத்தம் கேட்டு வெர்னா வேலி தாண்டி வந்தாள். பக்கத்து நிலத்துக்காரி, அவனோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவள். வயல் ஓரத்தில் அவளுடைய தேனீப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பொற்கோல் தேன் பெட்டிக்குள் முற்றுகிற மாதம் அது. பக்கத்தில் போனால் துவைக்காத காலுறை நாற்றம் அடிக்கும்.

"சோளம் போடப் போறியா? நீயா? சனியன், உலகம் முடியப் போகுதுபோல."

"ஒண்ணும் போடல. இந்த மஞ்சள ஒழிக்கப் போறேன். பிள்ளைக்கு ஆகல."

வெர்னா டிராக்டர் சக்கரத்தில் கையை வைத்தாள். "இது இல்லடா அது. இதோட பொடி பிசுபிசுன்னு கனமா இருக்கும், காத்துல ஏறாது. காத்துல போறதா இருந்தா என் தேனீ ஏன் இங்க வந்து சொமக்குது? உன் பிள்ளைய இழுக்க வைக்கிறது ராக்வீட். அதோ, செப்டிக் டேங்க்குக்குத் தோண்டினியே, அவ ஜன்னலுக்கு நேர் கீழ. பச்சையா நிக்குது பாரு."

ஆரின் பார்த்தான். கிழிந்த இலையோடு, பார்த்தீனியம் போல ஒரு செடி. "அதுல பூவே இல்லையே."

"இருக்கு. பச்சையா இருந்தா உனக்குப் பூவாத் தெரியாது. ரெண்டும் ஒரே மாசத்துல பூக்குது. இது பளிச்சுன்னு நிக்கிறதால எல்லாரும் பழிய இது மேல போடுறாங்க."

"உன் பெட்டியெல்லாம் இந்த வயல நம்பித்தான் குளிர்காலத்தத் தாண்டுது, இல்ல?"

"ஆமா."

"அப்புறம் நீ வேற என்ன சொல்லுவ."

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றதால் அவன் நம்பவில்லை. அவள் கையை எடுத்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். பூவோடு சேர்த்து உழுதான். தேனீக்கள் கலப்பைக்கு முன்னால் எழும்பி எழும்பிப் பறந்தன. இருட்டுவதற்குள் வயல் கறுப்பாகிவிட்டது. அதைப் படம் எடுத்து கெண்ட்ராவுக்கு அனுப்பினான். "சரி. ஒரு ஆகஸ்டு பாக்கலாம்" என்று பதில் வந்தது. பல வருடங்களில் அவள் அவனிடம் சரி என்று சொன்னது அப்போதுதான்.

பனி உருகியபோது வெர்னாவின் பெட்டிகளில் பாதி, தேனீக்கள் செத்து, கவிழ்ந்து கிடந்தன. ஆரின் அந்த வேலிப்பக்கம் போவதை நிறுத்தினான்.

மே மாதம் வயல் முழுக்க இளம்பச்சை வந்தது. அவன் அப்பா சோளம் போட்ட காலத்தில் விழுந்த களை விதைகள், வெளிச்சம் படாமல் அடியில் கிடந்தவை. கலப்பை அவற்றை மேலே கொண்டுவந்து போட்டிருந்தது. ஜூனில் ஒரு செடியைப் பிடுங்கி, மகளின் ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய், அங்கே நின்றதோடு வைத்துப் பார்த்தான். அதே கிழிந்த இலை. ராக்வீட்.

அன்றே வெட்டினான். மீண்டும் தழைத்தது. ஜூலையில் திரும்ப வெட்டினான். கணுக்கால் உயரத்திலேயே மொட்டு வைத்தது. பிறகு வெர்னாவிடம் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து தேனீப் பெட்டிகளின் காலிச் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றது?"

"இந்த வருசம் பிள்ளைய அனுப்ப வேண்டாம்னு சொல்லு."

"இந்த வருசம் வரலன்னா அடுத்த வருசம் கெண்ட்ரா அனுப்புவாளா?"

"மாட்டா."

"அப்புறம்?"

"அப்புறமும் சொல்லு. உயிர் இருந்தாத்தான்டா ஆகஸ்டு."

அவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். டவுனுக்குப் போய், ஜன்னலில் பொருத்துகிற ஏசி ஒன்றும் ஒட்டு டேப்பும் வாங்கிவந்து, பொடி புகாதபடி மகளின் அறை ஜன்னலை விளிம்பு விளிம்பாக ஒட்டினான்.

பிரின் வந்தாள். பதினான்கு வயது, அவனைவிட உயரமாகப் போகிற கால்கள்.

"அப்பா, இந்த மக்ரோனி பெட்டி மேல எப்படி செய்யணும்னு படமே போட்டிருக்கான். படத்தையாவது பாரேன்."

"உங்கம்மா மாதிரியே பேசுற."

"அம்மா பேசவே மாட்டா. வெளிய வாங்கிடுவா."

முதல் வாரம் நன்றாகப் போனது. அவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றினான், அவளும் ஏமாற்றினாள். அவள் தும்மும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துக் காது கொடுத்தான். சளிதான் என்றாள். சளிதான் என்று அவனும் வைத்துக்கொண்டான்.

மாத நடுவில் காற்று எழுந்தது. காலையில் வெளியே போனவள், "அப்பா, உன் வண்டிக்கு யாரோ பவுடர் போட்டிருக்காங்க" என்று கூப்பிட்டாள். கறுப்பு வண்டியின் பானெட் மேல் வெளிர்மஞ்சள் பொடி. அதில் விரலால் தன் பெயரை எழுதியிருந்தாள். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போது அவளை ஏற்றிக்கொண்டு பிட்ஸ்பர்குக்கே ஓட்டியிருக்கலாம். "உள்ள வா, கையக் கழுவு" என்றான்.

மாலைக்குள் அவளால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் அந்த மேட்டுக்கு வந்துசேரும்வரை அவன் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மூச்சுக்குழாயில் குழாய் இறக்கினார்கள். பிழைத்தாள். கெண்ட்ரா வந்தாள். மகளோடு போய்விட்டாள். இனி ஆகஸ்டு இல்லை என்ற கோர்ட்டுத் தாள் பிறகு வந்தது.

செப்டம்பரில் பிரின் போன் செய்தாள். குரல் இன்னும் கரகரத்தது.

"அம்மாவுக்குத் தெரியாமப் பேசுறேன். கையில ஊசி குத்தி டெஸ்ட் பண்ணாங்கப்பா. அந்த மஞ்சப் பூ இல்லையாம். ராக்வீடாம்."

"ம்."

"அது அங்க இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "தெரியும்" என்றான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போவது, வெளியே வருவது. பிறகு அதுவும் நின்றது. போனை வைத்துவிட்டாள்.

அவன் வயலுக்குப் போனான். ராக்வீட் பழுத்து விதை உதிர்த்துக்கொண்டிருந்தது. அதற்கிடையில் அங்கங்கே பொற்கோல். கலப்பை வேரைத் துண்டு துண்டாக நறுக்கியதில் துண்டுக்கொரு செடி முளைத்திருந்தது. ஒன்றிரண்டு பூத்தும் இருந்தன. வெர்னாவின் மிச்சத் தேனீக்கள் அவற்றில் மொய்த்தன. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"விட்டுடு ஆரின். உழாத, வெட்டாத. நாலஞ்சு வருசத்துல இந்த மஞ்சளே அத மூடிப்போட்டுடும். ஒரு ராக்வீட் நிக்காது."

"நாலஞ்சு வருசம்."

"ஆமா."

அதற்குள் பிரின்னுக்குப் பதினெட்டு தாண்டியிருக்கும். அவளை அனுப்பவோ நிறுத்தவோ எந்தக் கோர்ட்டாலும் முடியாது. தெரியும் என்று சொன்ன அப்பாவிடம் வருவதா வேண்டாமா என்பது அவள் பாடு.

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணாத. அதான் வேலை. உனக்கு அதுதான் வராது."

வீட்டுக்குள் போனான். மகளின் அறையில் ஏசி அணைந்து கிடந்தது. ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தான். சட்டத்துப் பெயிண்டும் சேர்ந்து வந்தது. ஏசியைக் கழற்றித் தரையில் இறக்கி, ஜன்னலை முழுக்கத் திறந்தான். இனி அந்த வீட்டில் அதை யாருக்காகவும் மூடி வைக்க வேண்டியதில்லை.